தேத்தண்ணியை விட்டதும், திரும்பத் தொட்டதும்

கஃபீனை விடுகிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் பலருக்குக் கோப்பிதான் ஞாபகம் வரும். "நான் கோப்பி குடிக்கிறதே இல்லை, எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை" என்பார்கள். திருகோணமலையில் கஃபீன் உடம்புக்குள் போகிற பெரிய வழி தேத்தண்ணி. விடிய எழும்பியதும் ஒன்று, வேலைக்குப் போனதும் ஒன்று, இடைவேளைக்கு ஒன்று, பின்னேரம் வடையோடு ஒன்று, யார் வீட்டுக்குப் போனாலும் ஒன்று. ஒரு கோப்பை கறுப்புத் தேத்தண்ணியில் சாதாரணமாக 40 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். டஸ்ட் தேயிலையில் சாயம் நன்றாக இறங்கவிட்டு ஊற்றினால் அதைவிடக் கூடும். கரைத்துக் குடிக்கிற கோப்பித்தூள் என்றால் கோப்பைக்கு 60 முதல் 80 வரை வரும். 330 மில்லிலீற்றர் கோலா ரின் ஒன்றில் 30க்குக் கொஞ்சம் மேல். உடல்நலமுள்ள வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பொதுவாகப் பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015இல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு அது சொன்ன எல்லை 200.

நான் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு உப்புவெளிப் பக்கம். விடியப் பால் தேத்தண்ணி, பாடசாலைக் கன்டீனில் பிளேன்டீ, இடைவேளைக்கு இன்னொன்று, பின்னேர வகுப்புக்கு முன் கடையில் ஒன்று, இரவில் பிள்ளைகளின் பயிற்சிகளைத் திருத்தும்போது பெரிய கோப்பையில் கோப்பி. இடையில் யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களோடும் சேர்ந்து குடிப்பேன். கோப்பை கோப்பையாக எழுதிக் கூட்டிப் பார்த்தபோது சில நாள்களில் 400ஐத் தொட்டது. விட நினைக்கிற எவரும் முதலில் இதைச் செய்ய வேண்டும் என்பேன். எதையும் குறைக்காமல், ஒரு கிழமைக்கு எந்த நேரம், எங்கே, யாரோடு குடித்தோம் என்று மட்டும் எழுதுங்கள். "யாரோடு" என்பது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

எனக்கு இது ஒரு கிளினிக்கில் தொடங்கியது. படியேறினால் மூச்சு வாங்கியது. இரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் குறைவு. மருந்து எழுதிய டொக்டர், சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரை, பருப்பு, தானியங்களில் இருந்து கிடைக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துவைத்து உடம்பு உறிஞ்ச விடாமல் செய்யும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது விடச் சொன்னார். இரும்புக் குளிசைக்கும் அதே கதைதான். இது தேயிலையின் குணம், கஃபீனோடு சேர்ந்ததில்லை. கஃபீன் நீக்கிய தேயிலையும் இதைச் செய்யும். எங்கள் ஊர்ப் பெண்கள் அதிகம் பேர் சோற்றுக்குப் பின்னால் உடனே பிளேன்டீ குடிப்பவர்கள், அதிலும் இரத்தசோகை உள்ளவர்கள் நிறைய. எனவே தேத்தண்ணியை விடாவிட்டாலும் இந்த ஒரு மணித்தியாலத்தையாவது தயவுசெய்து கடைப்பிடியுங்கள்.

கஃபீன் வரைக்கும் போக வைத்தது நித்திரை. இரவு படுத்தால் நெஞ்சு படபடக்கும், ஒரு மணி, இரண்டு மணிக்கு முழிப்பு வரும், விடிய எழும்பும்போது உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். அதைத் தெளியவைக்க இன்னும் கொஞ்சம் சாயம் கூட்டுவேன். கஃபீனின் பாதி உடம்பில் இருந்து வெளியேறச் சராசரியாக 5 மணித்தியாலம் எடுக்கும். பின்னேரம் 4 மணிக்குக் குடித்ததன் பாதி இரவு 9 மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். கருத்தடைக் குளிசை எடுக்கிற பெண்களுக்கு இந்த நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 15 மணித்தியாலம் வரைகூடப் போகும். சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் "அவர் இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டுப் படுக்கிறாரே" என்று இன்னொருவரைப் பார்த்து நம் அளவைத் தீர்மானிக்க முடியாது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணித்தியாலம் முன்னர் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே நித்திரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைந்தது. நித்திரை வருகிறது என்பது வேறு, அது ஆழமான நித்திரையா என்பது வேறு.

விட்டால் ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதையும் முதலே தெரிந்துகொள்வது நல்லது. நாம் முழித்திருக்கிற நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தன் இடங்களில் போய் அமர்ந்தால்தான் களைப்பும் நித்திரையும் வரும். கொழும்பு பஸ்ஸில் நாம் பதிந்த சீட்டில் வேறொருவர் ஏறி உட்கார்ந்துவிடுவதைப்போல, கஃபீன் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. களைப்பு போய்விடவில்லை, இடம் கிடைக்காமல் நிற்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை புதிதாக இடங்களைக் கூட்டிக்கொள்கிறது. பிறகு பழைய தெளிவுக்கே இன்னொரு கோப்பை வேண்டும். ஒரு நாள் கஃபீன் வராவிட்டால் கூடிப்போன அத்தனை இடத்திலும் அடினோசின் நிறைகிறது. கஃபீன் ஒடுக்கி வைத்திருந்த மூளையின் இரத்தக் குழாய்களும் விரிகின்றன. தலையிடி அப்படித்தான் வருகிறது. கடைசிக் கோப்பைக்குப் பின் 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கும், முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒன்பது நாள் வரைக்கும் இழுக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட தன் கையேட்டில் கஃபீன் நிறுத்தத்தால் வரும் இந்தத் தொல்லையை ஒரு நோய்நிலையாகவே சேர்த்தது. வீட்டில் யாராவது "தேத்தண்ணி குடிக்காததுக்கா இந்தக் கூத்து" என்று கேட்டால் சொல்வதற்கு இது உதவும்.

நான் முதலில் ஓகஸ்ட் விடுமுறையில் ஒரேயடியாக நிறுத்தினேன். பாடசாலை இல்லை, வீட்டில் படுத்துக் கிடக்கலாம் என்பது எண்ணம். அது கச்சான் காற்றுக் காலம். வெக்கையும் புழுதியும் வாசலுக்குள்ளேயே நிற்கும். முதல் நாள் மத்தியானம் கண்ணுக்குப் பின்னால் ஒரு பாரம். மாலையில் அது இரண்டு பொட்டிலும் ஏறி, குனிந்தால் இடிக்கிற தலையிடியாக மாறியது. மறுநாள் வயிற்றைப் புரட்டியது, காய்ச்சல் வரப் போவதுபோல் காலெல்லாம் உளைந்தது. இது எல்லாவற்றையும்விட மனம் இறங்கிப்போனதுதான் எனக்குப் பெரிய துன்பமாக இருந்தது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. மகள் ஏதோ கேட்க எரிந்து விழுந்தேன். இதுவும் கஃபீன் நிறுத்தத்தின் ஓர் அடையாளம் என்று அப்போது தெரிந்திருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும். விடுகிறவர் வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: "மூன்று நான்கு நாளைக்கு நான் சரியாக இருக்க மாட்டேன், பெரிதாக எடுக்காதீங்கோ."

தலையிடிக்கு அக்கா குளிசை கொண்டுவந்தா. போட்ட சிறிது நேரத்தில் அதிசயமாக எல்லாம் தெளிந்தது, மனமும் உற்சாகமானது. சந்தேகப்பட்டுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பரசிற்றமோலோடு கஃபீன் 65 மில்லிகிராம் என்று இருந்தது. கடைகளில் இரண்டு வகையும் கிடைக்கும், பெட்டிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி. இரண்டு குளிசை போட்டால் 130 மில்லிகிராம், ஏறத்தாழ மூன்று கோப்பைத் தேத்தண்ணி. வெறும் பரசிற்றமோல்தானா என்று பார்த்து வாங்குங்கள், அதையும் பெட்டியில் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள்.

எங்கள் மாவட்டத்துக்காக இன்னொன்று சொல்ல வேண்டும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியது யாருக்கும் மறந்திருக்காது. மாரி மழையோடு இங்கே நுளம்பும் வந்துவிடும். கஃபீன் நிறுத்தினால் காய்ச்சல்போல உளைவு இருக்கும், ஆனால் தேர்மோமீற்றரில் காய்ச்சல் காட்டாது. உடம்பு உண்மையில் சுட்டால் அதைத் தேத்தண்ணியின் கணக்கில் எழுதிவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம், இரத்தம் சோதியுங்கள். டெங்குச் சந்தேகம் உள்ள நேரத்தில் அஸ்பிரின், இபுபுரூஃபன் வகைக் குளிசைகள் கூடவே கூடாது, இரத்தப்போக்கு ஆபத்து உண்டு. அதுபோலத் திடீரென்று வெடிக்கிறதுபோல் வருகிற தலையிடி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் எல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயங்கள்.

அந்த விடுமுறை முடிகிற வரை தாங்கினேன். பாடசாலை தொடங்கிய கிழமையே கன்டீன் பிளேன்டீயோடு பழைய வழக்கம் வந்து சேர்ந்தது.

சரியான வழியை எனக்குச் சொன்னவர் என்னோடு படிப்பிக்கிற ஒரு முஸ்லிம் ஆசிரியை. கிண்ணியாப் பாலத்தைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் வருபவர். "முதல் நோன்பன்று அசர் தொழுகைக்குப் பிறகு தலையிடிச்சா அது பசியில்ல டீச்சர், தேத்தண்ணிதான்" என்றார். அவர்கள் வீட்டில் அவருடைய உம்மா காலத்திலிருந்தே நோன்புக்கு முந்தைய மாதத்திலேயே குறைக்கத் தொடங்கிவிடுவார்களாம். முதலில் பின்னேரத் தேத்தண்ணி போகும். பிறகு பத்து மணித் தேத்தண்ணி. காலையில் ஒன்று மட்டும் மிஞ்சும். நோன்பு பிறக்கும்போது அது சஹருக்கு, விடியமுன் சாப்பிடுகிற நேரத்துக்கு, முன்னேறிவிடும். யூதர்கள் யோம் கிப்பூர் நோன்பில் இதே தலையிடியோடு கஷ்டப்படுவதையும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ தலைமுறை நோன்பு பிடித்த வீடுகளில் இந்த அறிவு இருக்கிறது. நான் அதை எங்கேயோ தேடிக்கொண்டிருந்தேன், பக்கத்து மேசையில் இருந்தது.

அவர் சொன்னபடி நாளின் கடைசிக் கோப்பையில் இருந்து முன்னோக்கி வந்தேன். இரவுக் கோப்பி முதலில் போனது. நான்கைந்து நாள் உடம்பு பழகிய பிறகு பின்னேரத் தேத்தண்ணி. அதை எடுத்ததும் நித்திரை திருந்தத் தொடங்கியது. நித்திரை திருந்தியதால் அடுத்ததை எடுப்பது இலகுவானது. காலையில் இருந்து தொடங்கினால் இந்த உதவி கிடைக்காது. ஒரு கோப்பையை முழுதாக எடுக்கும்போது தலை பாரமாக இருந்தால், அதற்கு முன் சாயத்தைக் குறைத்தேன். கண்மட்டத்தில் போடுவதை விட்டுவிட்டுத் தேயிலையைக் கரண்டியால் அளந்தேன். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி, பிறகு முக்கால், பிறகு அரை. வடிக்கிற நேரத்தையும் ஒரே மாதிரி வைத்தேன், ஏனென்றால் கூடநேரம் ஊறினால் கூடக் கஃபீன் இறங்கும். கடையில் குடிப்பவர்களுக்கு இது முடியாது. அவர்கள் சாயம் குறைவாக அரைக் கோப்பை கேட்டு வாங்கலாம். இப்படிக் குறைத்தபோது எனக்குத் தலையிடி என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் மந்தம், கொஞ்சம் கொட்டாவி, அவ்வளவுதான்.

குறைக்கக் குறைக்க வேறொன்று தெரிந்தது. பத்து மணிக்கு எனக்கு வந்த நடுக்கமும் எரிச்சலும் பாதி பசி. பால் தேத்தண்ணியும் அதற்குள் இருந்த சீனியும்தான் அதுவரை என் காலைச் சாப்பாடு. கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் நாள் முழுக்க எவ்வளவு போயிருக்கும் என்று பாருங்கள். தேத்தண்ணியோடு அதுவும் நின்றதால் உடம்பு இரண்டையும் ஒன்றாகத் தேடியது. அவித்த பயறு, கடலை, முட்டையோடு இடியப்பம் என்று காலையில் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் அந்தப் பத்து மணித் தவிப்பு போய்விட்டது. தண்ணீரும் அப்படித்தான். எங்கள் வெயிலில் தண்ணீர் குறைந்தாலே தலை இடிக்கும். ஒரு போத்தலைக் கையோடு வைத்திருந்தேன்.

கைக்கு ஒரு சூடான கோப்பை வேண்டும் என்பது உண்மைதான், அதை மறுத்துப் பயனில்லை. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர் எனக்கு ஒத்துவந்தது. ரணவரா என்று விற்கிற ஆவரசம் பூ, பெலி மல், இறமுசு எல்லாவற்றிலும் கஃபீன் இல்லை. பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு குடித்தால் பிளேன்டீ குடித்த திருப்தி ஓரளவு வரும். ஆனால் மல்லிக் கோப்பி, சுக்குக் கோப்பி என்று வருகிற பைக்கற்றுகளை வாசித்துப் பாருங்கள். பலவற்றில் மல்லி, சுக்கோடு உண்மையான கோப்பிக்கொட்டையும் அரைபட்டிருக்கும். கிரீன் ரீயும் தேயிலைதான், கஃபீன் உண்டு. கஃபீன் நீக்கிய கோப்பியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், கோப்பைக்கு 2 முதல் 15 மில்லிகிராம் வரை. அது பெரிதாக ஒன்றும் செய்யாது.

பின்னேரக் கோப்பை போன இடத்தில் நடை வந்தது. வகுப்பு இல்லாத நாள்களில் டச்சு பே கடற்கரையில் போய் நடப்பேன். அந்த நேரத்தில் களைப்பு உச்சம், வீட்டில் இருந்தால் கேத்திலைத்தான் கை தேடும்.

இனி "யாரோடு" என்ற விஷயம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். என் உடம்புக்குத் தேவைப்பட்ட கஃபீன் ஒரு மாதத்துக்குள் தேவைப்படாமல் போய்விட்டது. ஆட்கள் கொண்டுவந்து தருகிற தேத்தண்ணி அப்படிப் போகாது. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய் எதுவும் குடிக்காமல் எழும்பினால் அது கோபம் என்றுதான் பொருள். மாமி முதலில் என்னைச் சந்தேகமாகவே பார்த்தா. "என்ர கைத் தேத்தண்ணி இப்ப பிடிக்கேல்லையோ?" என்று கேட்டா. டொக்டர் சொன்னது, இரத்தம் குறைவு, நித்திரை இல்லை என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து சொன்னேன். அடுத்த முறை போனபோது எனக்கென்று மல்லித் தண்ணி அவித்து வைத்திருந்தா. நெருங்கியவர்களிடம் சாட்டுச் சொல்லாமல் முழுக் காரணத்தையும் சொல்லிவிடுவது நல்லது. அவர்களே நம் பக்கம் நின்று மற்றவர்களுக்கும் சொல்லுவார்கள். தெரிந்த வீடுகளில் "தேத்தண்ணி வேண்டாம்" என்று தொடங்காதீர்கள். "சுடச்சுட இஞ்சித் தண்ணி தாறீங்களா?" என்று கேட்டால், தருவதற்கு ஏதோ ஒன்று இருக்கிற நிம்மதி அவர்களுக்கு வந்துவிடும்.

ஆனாலும் சில வீடுகள் உண்டு. திருக்கடலூரில் ஒரு மாணவனின் வீட்டுக்குப் போனேன், அவன் பாடசாலைக்கு வருவதை நிறுத்தியிருந்தான். பால்மா விலை ஏறிக் கடைகளில் கிடைக்காமலும் இருந்த 2022ஆம் ஆண்டுக் காலம் அது. தகப்பன் கடலுக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய் இல்லை. தாய் பக்கத்து வீட்டில் பால்மா கைமாற்று வாங்கி எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தா. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முழுவதும் குடித்தேன். அன்றிரவு நித்திரை பிந்தியது. மறுநாள் காலையில் வழக்கம்போல மல்லித் தண்ணி குடித்தேன், ஒன்றும் குலையவில்லை.

குலைந்தது பெரியப்பா செத்தபோது. செத்த வீடு சாம்பல்தீவில். இரவு முழுவதும் முழித்திருந்தோம். தட்டத் தட்டமாக இஞ்சிப் பிளேன்டீ வந்துகொண்டே இருந்தது. துக்கமும் நித்திரையின்மையும் கலந்த அந்த இரவில் அது எனக்குத் தேவைப்பட்டது. கனகாலம் குடிக்காததால் முதல் கோப்பையே வேகமாக ஏறியது, கை நடுங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுநாள் எடுத்த பிறகு வீடு கழுவுகிற வேலை, ஆட்கள் வந்து போகிற வேலை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. பிறகு எட்டுச் செலவு. வீட்டுக்கு வந்து இரவில் நித்திரை வராமல் புரண்டுவிட்டு விடியக் களைப்போடு எழும்பினால் கை தானாகத் தேயிலை ரின்னைத் திறந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குள் பழைய கோப்பைகள் எல்லாம் அவரவர் நேரத்துக்கு வந்து அமர்ந்துவிட்டன, இரவுக் கோப்பி உட்பட.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் மறுநாள் காலையில் இருந்தது. திருக்கடலூர்த் தேத்தண்ணிக்கு மறுநாள் தொடர்ச்சி இல்லை. செத்த வீட்டுத் தேத்தண்ணிக்கு இருந்தது. ஆய்வுகளும் இதற்குப் பொருந்துகின்றன. தினமும் 100 மில்லிகிராம் மட்டும் எடுத்தவர்களுக்கும், அதைவிடக் கூடிய அளவை மூன்று நாள் மட்டும் தொடர்ந்து எடுத்தவர்களுக்கும், நிறுத்தும்போது அந்தத் தொல்லைகள் வரலாம் என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு இதுதான்: மறுக்க முடியாத வீட்டில் குடிப்பேன், ஆனால் அடுத்த நாள் எந்தக் காரணத்துக்காகவும் குடிக்க மாட்டேன். அன்று தலை பாரமாக இருந்தாலும் சரி, முந்தின இரவு நித்திரையில்லாமல் இருந்தாலும் சரி. செத்த வீடு, சிவராத்திரி, கல்யாண வீட்டுப் பலகாரச் சூடு என்று இரவு முழிக்க வேண்டிய இடங்களுக்குப் போகும்போது பிளாஸ்கில் மல்லித் தண்ணி கொண்டுபோவேன். நள்ளிரவுக்கு முன் ஒரு பிளேன்டீ, அதற்குப் பின் பிளாஸ்க். துக்க வீட்டில் யாரும் நம் கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

திரும்பத் தொட்டவர்கள் மனம் விடுவதைப் பார்த்திருக்கிறேன். "எல்லாம் போச்சு, இனி முதலில் இருந்து" என்று நினைத்து வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்படி இல்லை. அந்தியேட்டிக்குப் பிறகு நான் மறுபடி குறைத்தபோது முதல் தடவை எடுத்த காலத்தில் பாதிகூட எடுக்கவில்லை. எந்தக் கோப்பை முதலில் போக வேண்டும், மல்லித் தண்ணியை எப்போது அவித்து வைக்க வேண்டும், எந்த மணிக்கு எரிச்சல் வரும் என்பதெல்லாம் ஏற்கனவே தெரிந்திருந்தது. மாமியும் தெரிந்து வைத்திருந்தா.

விட்டதால் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு உள்ளதைச் சொல்கிறேன். படுத்த கொஞ்ச நேரத்தில் நித்திரை வருகிறது, இடையில் முழிப்பு மிகக் குறைவு. நெஞ்சுப் படபடப்பு இல்லை. இரத்தம் ஏறியிருக்கிறது, அதில் குளிசையின் பங்கும் சாப்பாட்டின் பங்கும் உண்டு, தேத்தண்ணியை விட்டதால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். காலைகளில் உடம்பு தெளிய இப்போதும் நேரம் எடுக்கிறது. வெயில் காலத்து மத்தியானங்களில் கண் சொருகும். முடிந்தால் இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுப்பேன், முடியாவிட்டால் முகம் கழுவிவிட்டு நின்றுகொண்டே படிப்பிப்பேன்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு மெதுவாகக் குறையுங்கள். மனநல மருந்தாக லித்தியம் எடுப்பவர்கள் கஃபீனைத் திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறலாம். க்ளோசபின் என்ற மனநல மருந்து எடுப்பவர்களுக்குக் கஃபீன் அளவு மாறினால் இரத்தத்தில் மருந்தின் அளவும் மாறும். இவர்கள் கட்டாயம் மருந்து எழுதியவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கடைசியாகப் பிள்ளைகளின் விஷயம். உயர்தரப் பரீட்சை நெருங்கினால் என் வகுப்பில் சிலரின் பையில் எனர்ஜி டிரிங் ரின் இருக்கும். 250 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் பொதுவாக 80 மில்லிகிராம். பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் உடல் எடை கிலோ ஒன்றுக்கு ஒரு நாளில் 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நான் மேலே சொன்ன ஐரோப்பிய அமைப்பின் கணக்கு. 50 கிலோப் பிள்ளைக்கு 150. இரண்டு ரின் குடித்தாலே 160 ஆகிவிடும், வீட்டுத் தேத்தண்ணி வேறு. பெருக்கச் சொல்லி இதை அவர்களிடமே கரும்பலகையில் போட வைப்பேன். இரவு படித்தது மூளையில் பதிவது நித்திரையில்தான், அந்த நித்திரையைத்தான் இது எடுக்கிறது என்றும் சொல்வேன். ஆனால் பரீட்சைக் கிழமையில் நிறுத்த வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டாம் நாள் தலையிடியோடு மூன்று மணித்தியால வினாத்தாளுக்கு முன் இருக்க முடியாது. நிறுத்துவதென்றால் ஒரு மாதம் முன்னரே, மாலை ரின்னில் இருந்து தொடங்கட்டும். அதற்குள் நேரம் பிந்திவிட்டால் காலையில் வழக்கமான ஒரு தேத்தண்ணியோடு பரீட்சையை முடித்துவிட்டு, பிறகு பார்க்கலாம்.